ஒரு லட்சம் லூமென் டார்ச்லைட்: எங்கள் வசிப்போர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவருக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன முழுமைத் தற்காப்பு நாளை (நெருக்கடிக்குத் தயாராக இருக்கச் சிங்கப்பூரில் ஆண்டுதோறும் நினைவூட்டும் நாள்) ஒட்டி, நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் வீட்டுக்கு ஒரு டார்ச்லைட் கொடுத்தீர்கள். வரிசையில் நானும் நின்று வாங்கினேன். நல்ல எண்ணத்தில் செய்த காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த முறை ஆர்டர் கொடுப்பதற்கு முன் இதை மட்டும் கொஞ்சம் படித்துவிடுங்கள். கப்பல் பட்டறையில் மின்வினைஞனாக இருபது வருஷத்துக்கு மேல் இருட்டுத் தொட்டிகளுக்குள் கைவிளக்கோடு ஊர்ந்தவன் நான். இப்போது பொழுதுபோக்காக டார்ச்லைட் செய்கிறேன். என் மனைவியைக் கேட்டால் அதற்கு வேறு பெயர் சொல்வார்.

நீங்கள் கொடுத்த பெட்டியின் மேல் '100,000 லூமென்' என்று போட்டிருந்தது. லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறும் ஒளியின் மொத்தக் கணக்கு. இன்றைய நல்ல வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமென் வரை தரும். அப்படியானால் ஒரு லட்சம் லூமெனுக்கு 650 வாட்டுக்கு மேல் வேண்டும். சின்ன ரைஸ் குக்கர் ஒன்று இழுக்கும் மின்சாரம் அது. விரல் தடிமன் பேட்டரி ஒன்றிலிருந்து அது வருமா? வந்தாலும் ஒரே நிமிஷத்தில் பேட்டரி காலி.

அந்தப் பேட்டரியையும் கழற்றிப் பார்த்தேன். 18650 என்னும் வகை: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். உறையில் '9,900 எம்ஏஎச்' (பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு). இந்த அளவில் நல்ல செல்லே 3,500 சுற்றித்தான் கொள்ளும். சமையலறைத் தராசில் வைத்தேன், 27 கிராம் காட்டியது. உண்மையான 18650 ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறுத்துப் பார்க்க எனக்கும் துணிச்சல் இல்லை. லித்தியம் விஷயத்தில் யாரும் அந்த வேலைக்குப் போகவேண்டாம்.

சரி, இனி வெளிச்சக் கற்றைக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அன்று இரவு ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில் நின்று எதிர் புளோக்கின் சுவரில் அடித்துப் பார்த்தேன். தலையை இழுத்து நீட்டும் ஜூம் வகை. நீட்டினதும் சுவரில் ஒரு சதுரம் விழுந்தது, ஓரமெல்லாம் கத்தியால் வெட்டின மாதிரி. அந்தச் சதுரம் எல்இடி சில்லின் படமேதான். லென்ஸ் அதைப் பெரிதாக்கிச் சுவரில் எறிகிறது. சதுரத்துக்கு வெளியே கும்மிருட்டு. நீட்டும்போது பக்கவாட்டில் போகிற ஒளி குழாய்க்குள்ளேயே வீணாகிறது, ஆனாலும் கூர்மையைப் பார்த்து 'அடேயப்பா, என்ன பவர்!' என்று சொல்லிவிடுவோம். நானும் முதல் வாரம் அப்படித்தான் சொன்னேன், பட்டறைக்காரன் என்ற பேர் வேறு.

இந்தக் கூர்மைக்குத் தனி அளவு உண்டு: கண்டெலா. ஒரு திசையில் ஒளி எவ்வளவு அடர்த்தியாகப் போகிறது என்பதைச் சொல்லும். அதே 300 லூமெனை அகலமாகப் பரப்பினால் அறை முழுக்கத் தெரியும், குறுக்கினால் தூரத்து மரம் தெரியும். எதைச் செய்வது என்பதை ரிஃப்ளெக்டரும் (ஒளியைத் திருப்பி முன்னே அனுப்பும் கிண்ணம்) சில்லும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சில்லு சிறியதாய், ரிஃப்ளெக்டர் அகலமாய், ஆழமாய், வழவழப்பாய் இருந்தால் தூரம் பாயும். ரிஃப்ளெக்டர் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிப்பொரியாக இருந்தால் நடுப்பொட்டு மெதுவாகக் கரைந்து ஓரம்வரை பரவும்.

டார்ச்லைட்டுகளுக்கென்று 2009இல் வந்த எஃப்எல்1 தரநிலைப்படி, பெட்டியில் போடும் தூரம் என்பது 0.25 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அளவு) வெளிச்சம் எட்டும் இடம். அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி. கணக்கு எளிது: கண்டெலாவை மீட்டர் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ். 10,000 கண்டெலா விளக்கு 10 மீட்டரில் 100 லக்ஸ் தரும், 50 மீட்டரில் 4 லக்ஸ், 200 மீட்டரில் வெறும் 0.25. பெட்டியில் '200 மீட்டர்' என்று போட்டிருந்தால், அங்கே நிற்பவரின் முகம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பாதியாக்கித்தான் எடுத்துக்கொள்வேன்.

இப்போது சொல்லுங்கள், நமக்கு எந்தக் கற்றை வேண்டும்? 2018 செப்டம்பர் 18 உங்களுக்கு நினைவிருக்கும். விடியற்காலை 1.18க்குச் சிங்கப்பூர்த் தீவின் பல வட்டாரங்களில் மின்சாரம் போனது. 146,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், முழுதும் திரும்ப 38 நிமிஷம். மின்விசிறி நின்ற அமைதியில்தான் எனக்கு விழிப்பு வந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் கழிப்பறைக்கு வழி, அம்மாவின் மாத்திரைப் பட்டை, குடிக்கத் தண்ணீர். இதற்கு 50 லூமென் தாராளம், அகலமாக விழவேண்டும், அவ்வளவுதான். வீட்டிலுள்ள பாம் ஷெல்டருக்குள் (குண்டு பாதுகாப்பு அறை) ஜூம் டார்ச்சை அடித்துப் பாருங்கள், வெள்ளைச் சுவர் கண்ணைப் பறிக்கும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அதே விளக்கை நிமிர்த்தி வைத்து மேல்தளத்தில் பட்டுத் திரும்பவிட்டால் அறை முழுக்க மென்மையாக வெளிச்சம். ஆனால் நீங்கள் கொடுத்தது நிமிர்ந்து நிற்காது, பின்பக்கப் பொத்தான் துருத்திக்கொண்டிருக்கிறது.

அந்தப் பொத்தானைப் பற்றி எதிர்வீட்டு சீன ஆன்ட்டியைக் கேளுங்கள். மாடிப்படி விளக்கு பழுதான ஓர் இரவு குப்பை போட இறங்கியவர், வெளிச்சத்தைக் குறைக்க அழுத்தியிருக்கிறார். பளிச் பளிச் என்று வெட்டத் தொடங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் போய் அணைத்தேன். முதியவர்களுக்குக் கொடுக்கும் விளக்கில் அந்த வெட்டும் முறையே இருக்கக்கூடாது.

இன்னொன்று நிறம். நம் பெட்டியில் வந்தது நீலம் கலந்த வெள்ளை. மாத்திரைகளின் நிறத்தை அதில் பிரித்துச் சொல்ல எனக்கே சிரமமாக இருந்தது. ஒளியின் நிற அளவு 4,000 கெல்வின் சுற்றி, பொருள்களின் நிறத்தைச் சரியாகக் காட்டும் குறியீடு 90க்கு மேல் உள்ள எல்இடி கேளுங்கள். லூமென் கொஞ்சம் குறையும். கவலை வேண்டாம், கண்ணுக்கு இருமடங்காகத் தெரியவே ஏறக்குறைய நாலு மடங்கு லூமென் வேண்டும், சிறு குறைவு யாருக்கும் தெரியாது.

ஆகவே வீடுகளுக்கு: 100 லூமெனும் அதற்குக் கீழே ஒரு மங்கல் நிலையும், அகலக் கற்றை, நிமிர்ந்து நிற்கும் அடிப்பாகம். உண்மையான 3,000 எம்ஏஎச் செல்லில் 100 லூமென் சுமார் பத்து மணி நேரம் ஓடும். 1,000 லூமென் என்றால் ஒரு மணி நேரம்தான். அதுவும் பெயருக்கு, நம் ஊர் வெக்கையில் உடல் சூடேறி, சில நிமிஷத்தில் தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். இரவில் கார் நிறுத்துமிடம் சுற்றிவரும் தொண்டூழியர்களுக்கு மட்டும் வேறு: 300 லூமென், 5,000 கண்டெலா. பெட்டிக் கணக்கில் 140 மீட்டர், உண்மையில் 70 மீட்டருக்கு உபயோகப்படும்.

இளையர்களை வைத்து நாமே செய்துபார்க்கவும் எனக்கு ஆசை. எல்இடி, அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர், சுவிட்ச் எல்லாம் மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் தேடிக்கொள்ளலாம். ஒரே சில்லுக்கு மூன்று ரிஃப்ளெக்டர் மாற்றிச் சுவரில் அடித்துக் காட்டினால் நான் மேலே எழுதியது எதுவும் தேவைப்படாது. சில்லை மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒட்டாமல் செம்புப் பலகையில் வைத்தால் சூடு ஏன் தணிகிறது என்பதையும் பிள்ளைகள் தொட்டே தெரிந்துகொள்வார்கள்.

அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள். விளக்கை அணைக்க அனுமதி மட்டும் வேண்டும். மூன்று டார்ச்லைட்டும், லக்ஸ் மீட்டரும், மனைவி சம்மதித்தால் சமையலறைத் தராசும் கொண்டுவருகிறேன். நீங்கள் வாங்க நினைக்கும் மாதிரியை யாராவது மறக்காமல் எடுத்துவாருங்கள், அங்கேயே நிறுத்துப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் மாடிக்காரன்