பில் யார் பேரில்?

கோயம்புத்தூர்
24.9.2025

அன்பு மகளுக்கு,

பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் வாங்கும் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வரிக்கழிவு உண்டு என்று ஷோரூமில் சொன்னதை நம்பாதே, கண்ணு. அவர்கள் சொல்வது வருமானவரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு. பேட்டரியால் மட்டுமே ஓடும் வண்டிக்குத்தான் அது. பெட்ரோல் டேங்க் இருந்தாலே கணக்கில் வராது. அதுவும் 1.4.2019 முதல் 31.3.2023 வரை அனுமதியான கடனுக்கு மட்டும், பழைய வரிமுறையில் மட்டும். அதனால் இன்று முழு மின்சாரக் கார் வாங்கினாலும் கிடைக்காது. "போட்டுப் பார்க்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்" என்று சொல்பவர்களிடம் விலகி நில். தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால், குறைத்துக் காட்டிய வரியைக் கட்டுவதோடு அதில் 200 சதவீதம் அபராதம்.

ஆக, பில் யார் பேரில் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

உன் பேரில் வாங்கினால், சம்பளக்காரியான உனக்குக் கழிவு ஒன்றும் இல்லை. ஆனால் 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டிக்கு ஷோரூம்காரர் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமானவரி, பிடிப்பார். 10 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும். 18 லட்சம் என்றால் 18,000 ரூபாய். இது செலவில்லை, உன் கணக்கில் முன்கூட்டிக் கட்டிய வரி. பழைய முறையோ புதிய முறையோ, திரும்பக் கிடைக்கும். வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும் ஜூலை வரை காத்திருக்கவும் வேண்டாம்: அலுவலகத்தில் படிவம் 12பிஏஏ கொடுத்தால் மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வரியை (டிடிஎஸ்) அந்த அளவு குறைத்துவிடுவார்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து பிசகினால் பணம் வேறொருவரின் வரிக்கணக்கு அறிக்கையான 26ஏஎஸ்ஸில் போய் உட்காரும். ஷோரூம்காரர் திருத்த அறிக்கை தாக்கல் செய்தால்தான் மீளும். அதற்கு அவர் பின்னால் நாம்தான் அலையவேண்டும்.

தொழில் செய்யும் மாப்பிள்ளை பேரில் வாங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அவர் வரவு செலவுக் கணக்கு எழுதி வருமானம் காட்டவேண்டும். கணக்கு எழுதாமல் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டுபவராக இருந்தால் தேய்மானம், அதாவது வண்டியின் மதிப்பு குறைவதற்கான கழிவு, அதற்குள்ளேயே அடங்கிவிட்டது, தனியாகக் கேட்க முடியாது. கணக்கு எழுதினால் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம், கடன் வட்டி, பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் தொழில் செலவு. சொந்த உபயோகப் பங்கைக் கழித்துவிடவேண்டும், அதற்கு ஓடிய கிலோமீட்டரை ஒரு நோட்டில் குறித்து வரச்சொல். மின்சார வண்டிக்கான 40 சதவீதத்தை ஹைபிரிட்டுக்குப் போட ஆசைப்படவேண்டாம். வண்டிக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் தாம் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்கும் உள்ளீட்டு வரவும் அவருக்குக் கிடையாது. அதனால் அந்த வரியையும் சேர்த்த முழு விலைக்கே தேய்மானம் போடலாம். ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த பணம் மட்டும் விலையில் சேராது. முன்பணமும் வங்கி வழியாகவே போகட்டும்.

இதில் தேதிதான் முக்கியம். வண்டி இந்த நிதியாண்டில் 180 நாளாவது உபயோகத்தில் இருந்தால் முழுத் தேய்மானம், குறைந்தால் பாதி. மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 3 கடைசி நாள். அக்டோபர் 1 ஆயுத பூஜையன்று பதிவு முடிந்து சாவி வாங்கி ஓட்டத் தொடங்கினால் 18 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய் தேய்மானம். தீபாவளிக்கு எடுத்தால் 1,35,000 தான். மீதி தொலைந்துபோகாது, வரும் ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கிடைக்கும். பணம் கட்டி புக்கிங் செய்தது உபயோகம் ஆகாது.

இன்னொரு வழி, கம்பெனியே காரை வாடகைக்கு எடுத்து உனக்குத் தரும் லீஸ் திட்டம் உன் கம்பெனியில் இருந்தால். வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து வாடகை போகும். அலுவலக வேலைக்கும் சொந்த வேலைக்கும் ஓடும் வண்டிக்கு, ஓட்டும் செலவைக் கம்பெனியே ஏற்றால், உன் வருமானத்தில் மாதம் 1,800 ரூபாய்தான் சேர்ப்பார்கள். அது 1,600 சிசி வரை. நீங்கள் பார்த்த 1,490 சிசி வண்டி அதற்குள் வரும், இரண்டு லிட்டர் எஞ்சின் என்றால் 2,400. டிசிஎஸ் லீஸ் நிறுவனத்தின் பேருக்குப் போய்விடும். நடுவில் வேலை மாறினால் மீதி லீஸை முடித்துக்கொடுக்கவேண்டும், அதற்கான தொகையை முதலிலேயே எழுத்தில் கேள்.

22-ஆம் தேதி முதல் இந்த அளவு ஹைபிரிட்டுக்கு விலையில் சேரும் ஜிஎஸ்டி வரி 43-லிருந்து 40 சதவீதம் ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் புதியதைக் கேட்டு வாங்கு. விற்பனைக்கு முன் தரும் புரோஃபார்மா பில் வந்ததும் பேரும் பானும் தெரிகிற மாதிரி படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொன்னபிறகு வங்கிக்குக் கொடு.

அன்புடன்,
அப்பா