ஏற்காட்டுக் காபிக்கு நியாய விலை சேலத்தில் தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு கோடை விழாவையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிடும் சிறப்புப் பக்கங்களை விடாமல் படித்துவருபவன் நான். மலர்க் கண்காட்சிக்கும், படகு இல்லத்துக்கும், கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்படும் நெரிசலுக்கும் அவற்றில் இடமிருக்கிறது. அந்த மலையில் ஓரிரு ஏக்கரில் காபியும் மிளகும் வைத்துப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் தங்கள் விளைச்சலை யாரிடம், எந்த நிபந்தனையில் விற்கின்றன என்பது மட்டும் இடம்பெறுவதில்லை. விளைவிப்பவருக்கு உரிய விலை கிடைக்கச் செய்யும் நியாய வணிகம் என்றால் ஏற்றுமதியாளர்களின் விவகாரம் என்றே நாம் எண்ணிவந்திருக்கிறோம். சுமார் முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலைக்கும் நம் நகரத்துக்கும் இடையில்தான் அது முதலில் நடைமுறைக்கு வரவேண்டும் என்பதே என் கருத்து.

சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் காபியை அறிமுகப்படுத்தினார். அன்று முதல் வளர்ந்துவந்த பெரிய எஸ்டேட்டுகளுக்குப் பழத்தோலை உரிக்கும் இயந்திரமும், சிமெண்டுக் களமும், கிடங்கும் சொந்தமாக உண்டு. விலை ஏறும்வரை சரக்கை வைத்திருக்க அவற்றால் முடியும். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் போன்ற ஊர்களின் சிறு விவசாயிக்கு இவை எட்டாதவை. பறித்த பழத்தை அன்றே உரிக்காவிட்டால் புளித்துப்போகும் என்பதால், ஒன்று அதைப் பச்சையாகவே கொடுத்துவிடுகிறார், அல்லது வாசலில் தார்ப்பாய் விரித்துப் பழத்தோடு காயவைத்து, வியாபாரிகள் ‘செர்ரி’ என்று சொல்லும் அந்த நிலையில் குறைந்த விலைக்கு விற்கிறார். வாங்க வருபவர் கொட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு ஈரம் என்கிறார். மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்கிறார். தராசும் அவர் கொண்டுவந்ததே.

இவற்றையெல்லாம்விடக் கனமானது முன்பணம். ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ பெற்ற தொகைக்கு ஈடாக, டிசம்பரிலும் ஜனவரியிலும் பழுக்கப்போகும் காபிக்கு அப்போதே விலை பேசி முடிக்கப்படுகிறது. சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியைக்கூடக் காய் முற்றும் முன்பே மொத்தமாகப் பேசிவிடுவதுண்டு. 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா என்ற காபி வகையின் விலை ஒரு பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியது. பருவத்துக்கு முன்பே விலையை விட்டுக்கொடுத்துவிட்ட குடும்பத்துக்கு அந்த ஏற்றத்தால் என்ன பயன் கிடைத்திருக்கும்? வியாபாரிகள் அனைவரையும் குறை சொல்வது என் நோக்கமன்று. வங்கி கைவிரிக்கும் வேளையில் பணம் கொடுப்பவரும், மழையிலும் மலையேறி வந்து சரக்கெடுப்பவரும் அவர்களே. ஆனால் ஒரே ஆள் கடன் கொடுத்தவராகவும், எடை போடுபவராகவும், தரம் சொல்பவராகவும் இருக்கும்போது, எதிரே நிற்பவருக்குப் பேரம் பேச வாயே இருப்பதில்லை.

நியாய வணிக முத்திரை 1988இல் நெதர்லாந்தில் தொடங்கியபோது முதலில் அதைத் தாங்கியது மெக்சிகோவின் சிறு விவசாயிகள் விளைவித்த காபிதான். அந்த முத்திரையுள்ள, கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்குக் குறைந்தபட்ச விலை 2023இல் பவுண்டுக்கு 1.80 டாலராக உயர்த்தப்பட்டது, அதற்கு மேல் விவசாயிகளின் பொதுத் தேவைகளுக்கென 20 சென்ட் கூடுதலாகத் தரப்பட்டது. சந்தை சரியும் ஆண்டுகளில் இந்தக் குறைந்தபட்ச விலை ஒரு பெரும் காப்பு. சந்தை உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் அதனால் பயன் குறைவு. என்னைக் கேட்டால், அந்த விதிமுறைகளில் நம் மலைக்கு மிகவும் தேவையானது, விவசாயிகள் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்கூட்டியே கிடைக்க வழிசெய்யவேண்டும் என்ற விதிதான். முத்திரை பெறுவதற்குச் சங்கமாகச் சேரவேண்டும், தணிக்கைக்குக் கட்டணம் செலுத்தவேண்டும் என்பதால் அது உடனே கைகூடாது. எனினும் முத்திரை வரும்வரை நியாயத்தை ஒத்திவைக்க வேண்டியதில்லை.

இதற்கு இங்கிலாந்தின் கார்ஸ்டாங் என்ற சிற்றூர் நல்ல சான்று. புரூஸ் குரோதர் என்ற கால்நடை மருத்துவரின் முயற்சியால், அவ்வூர் மக்கள் 2000 ஏப்ரலில் பொதுக்கூட்டத்தில் வாக்களித்துத் தங்கள் ஊரை உலகின் முதல் நியாய வணிக ஊராக அறிவித்தனர். கடைகளும், பள்ளிகளும், தேவாலயங்களும் நியாய வணிகப் பொருள்களைப் பயன்படுத்த உறுதியளித்தன. சுற்றுவட்டாரப் பால் பண்ணையாளர்கள் தங்கள் பாலுக்கே உரிய விலை கிடைக்காமல் தவித்த காலம் அது. தொலைதூரத்துக் கோகோ விவசாயிக்கும் பக்கத்து ஊர்ப் பண்ணையாளருக்கும் ஒரே நீதி வேண்டும் என்று சேர்த்துப் பேசியதாலேயே ஊர் முழுவதும் அவர்கள் பக்கம் நின்றது எனக் கருதுகிறேன்.

நமக்கும் இது புதிதன்று. கார்ஸ்டாங்கின் அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்பு, 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. சேலத்திலும் சூரமங்கலம், தாதகாப்பட்டி, அம்மாபேட்டை முதலிய இடங்களில் அவை இயங்குகின்றன. அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பது, அடையாள அட்டையுள்ள விவசாயிக்கே கடை ஒதுக்குவது, தராசைக் கட்டணமின்றித் தருவது ஆகியவையே அதன் அடிப்படை. தக்காளிக்கும் கீரைக்கும் நாம் செய்து காட்டியதைக் காபிக்கும் மிளகுக்கும் ஏன் செய்யக்கூடாது?

மலையில் ஊருக்கொரு பொதுக் களமும், பழம் உரிக்கும் இயந்திரமும், ஈரப்பதம் காட்டும் கருவியும், அரசு முத்திரையிட்ட தராசும் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் இருக்கவேண்டும். ஆந்திரத்தின் அரக்குப் பகுதியில் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் பழங்குடியினரின் காபிக்குக் கொள்முதல் விலையை அறிவித்து வாங்குவதைப் போல, இங்கும் பருவம் தொடங்கும் முன்பே விலை அறிவிக்கப்படவேண்டும். முன்பணம் தேவைப்படுவோருக்கு விலையைக் கட்டிப்போடாத கடனாக அது கிடைக்கவேண்டும். இவை அரசும் சங்கங்களும் செய்யவேண்டியவை.

நகரத்தின் பங்கு வேறு. நாள்தோறும் கிலோக்கணக்கில் காபித்தூள் வாங்கும் உணவகங்களும், கல்லூரி விடுதிகளும், திருமண மண்டபங்களும் தங்கள் தேவையில் ஒரு பகுதியையாவது, சிறு அளவானாலும் சரி, மலையின் சிறு விவசாயிகளிடமிருந்து அறிவித்த விலைக்கு வாங்குவதாக ஓராண்டுக்கு எழுத்துமூலம் உறுதியளிக்கலாம். தூள் அரைத்து விற்கும் கடைக்காரர்கள், சிக்கரியின் விகிதத்தைப் பொட்டலத்தில் குறிப்பிடவேண்டும் என்ற விதி இருப்பதுபோலவே, கொட்டை எந்த ஊரிலிருந்து வந்தது, விவசாயிக்குக் கிலோவுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதையும் தாமாக எழுதலாம். எழுதச் சொல்லிக் கேட்பது வாங்குபவரின் உரிமை, கூச்சப்பட வேண்டியதில்லை. இதனால் தூளின் விலை சற்று உயரக்கூடும் என்பதை நான் மறைக்கவில்லை. அந்த உயர்வு மலையேறிச் சென்று சேர்கிறது என்று தெரிந்தால், சேலத்தில் அதைக் கொடுக்க முன்வருவோர் நிச்சயம் இருக்கிறார்கள்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காபி வாரியம் அன்றாடம் சந்தை நிலவரத்தை இணையத்தில் வெளியிடுகிறது. ஆனால் மலைக்கிராமத்து விவசாயியின் கைக்கு அது தமிழில், அச்சில் போய்ச் சேர்வதில்லை. தங்கம், வெள்ளி, முட்டை விலைகளோடு, நவம்பர் முதல் மார்ச் வரை வாரம் ஒருமுறையாவது பார்ச்மென்ட் (பழத்தோல் உரித்துக் காயவைத்த காபி), செர்ரி, மிளகு ஆகியவற்றின் விலையையும் சேலம் பதிப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வரும் பருவத்திலேயே தொடங்கினால், அடுத்த முன்பணப் பேச்சின்போது அந்த விவசாயியின் கையில் ஒரு தாளாவது இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.