குளிசை பலிக்காவிட்டால் குற்றம் நோயாளியுடையதா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாரடைப்பு வந்து இதயக் குழாயில், அதைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைக்கப்பட்ட என் அம்மாவுக்கு, அதற்குள் இரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோகிரெல் குளிசை கொடுத்தார்கள். காலைத் தேநீருக்குப் பிறகு ஒரு நாளும் தவறாமல் அதைப் போட்டுவந்தவர், சில மாதங்களில் மீண்டும் அடைப்புடன் அனுமதிக்கப்பட்டார். வார்டில் அவரிடம் முதலில் கேட்கப்பட்டது, “குளிசையை ஒழுங்காகப் போட்டீங்களா, அம்மா?” என்பதுதான். போட்டேன் என்று அவர் சொன்னதை அங்கே எவரும் நம்பவில்லை. வீட்டில் நாங்களும் முழுமையாக நம்பவில்லை. அவர் இறந்து பல வருடங்களாகியும் அது என்னை உறுத்துகிறது.

குளோபிடோகிரெல் விழுங்கிய வடிவத்திலேயே வேலை செய்யும் மருந்தல்ல. ஈரலிலுள்ள நொதிகள், முக்கியமாக சிவைபி2சி19 என்ற நொதி, அதை மாற்றிக் கொடுத்தால்தான், இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அது தடுக்கும். அந்த நொதிக்குரிய மரபணுவின் செயலற்ற வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஒருவர், வேளை தவறாமல் குளிசை போட்டாலும் போதிய பலனைப் பெறாமல் போகலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 இலேயே இதுபற்றிய கடும் எச்சரிக்கையை இம்மருந்துக்குச் சேர்த்தது. ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடையே இந்தச் செயலற்ற வடிவம் அதிகம் என்பதால் இது நம்முடைய பிரச்சினையுமாகும். இந்த நொதியை நம்பியிராத டிக்காகிரலோர் போன்ற மாற்று மருந்தும் இருக்கிறது.

அம்மாவுக்கு நேர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஸ்டென்ட் அடைபட வேறு காரணங்களும் உண்டு. அவருடைய மரபணுவை யாரும் சோதித்ததுமில்லை. ஆனால் சந்தேகம் அவர்மீது மட்டுமே விழுந்தது.

இதைவிடக் கொடியது வலிப்புக்குக் கொடுக்கப்படும் காபமசெபீன் விடயம். எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வடிவம் உள்ளவர்களுக்கு அம்மருந்து தோலையும் வாய், கண் சவ்வுகளையும் உரித்தெடுக்கும் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோயை ஏற்படுத்தி உயிரையே பறிக்கக்கூடும். தென்கிழக்காசிய மக்களிடையே இவ்வடிவம் கூடுதலாகக் காணப்படுவதால், சிங்கப்பூர் 2013 முதல் இம்மருந்தைப் புதிதாகத் தொடங்கும் ஆசிய வம்சாவளியினருக்கு மரபணுச் சோதனையைப் பரிந்துரைத்திருக்கிறது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர் எல்லோரும் ஒரே வரிசையில் கிளினிக் நம்பருக்குக் காத்திருக்கும் இந்தக் கொழும்பில், பெயரையோ இனத்தையோ பார்த்து ஊகிப்பதைவிடச் சோதித்து அறிவதே நியாயம்.

இதை வாசிக்கும் எவரும் தாம் போடும் குளிசையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இதய நோயாளிக்கு அது பேராபத்து. மருத்துவரிடம் கேட்க வேண்டும், கேட்பதற்கு அவர் இடம் தரவும் வேண்டும்.

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் அலகு இயங்குகிறது. அத்தகைய அறிவு அரசாங்க ஆஸ்பத்திரிகளின் கிளினிக் வரை வந்து சேர, சுகாதார அமைச்சு குறைந்தது இவ்விரு மருந்துகளுக்காவது இலவசச் சோதனையை ஏற்படுத்த வேண்டும். பிறப்போடு வந்த மரபணு மாறாது என்பதால் ஒருவருக்கு ஒருமுறை சோதித்தாலே போதும். அந்த முடிவைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில், ஒவ்வாமை எழுதும் இடத்துக்குக் கீழே, சிவப்பு மையால் எழுதி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.