பதினொரு மண்வெட்டிகள்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீர் என் வீட்டு முற்றத்தில் இருந்து சொன்ன கணக்கு இன்னும் என் தலைக்குள் சுற்றுகிறது. அங்கத்தவர்கள் 62 பேர். சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெற்செய்கைக்கு, வாய்க்கால் துப்பரவாக்க வந்தவை 11 மண்வெட்டிகள். நம் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் முகம் வாடிப்போய்விட்டது. "சனத்துக்கு ஊக்கம் இல்லை ஐயா" என்றீர். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டு ஊக்கமூட்டல் கூட்டம் வைக்கலாமா என்றும் கேட்டீர். நான் பிளேன்ரீயை ஆறவிட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன். கடிதமென்றால் நீர் இடையில் குறுக்கிட முடியாது.

பேச்சாளர் வேண்டாம். அந்தக் காசில் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துரிசுக் கதவுக்கு கிறீஸ் வாங்கிப் பூசலாம்.

ஊக்கமில்லாத சனம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய்ப் பாரும். கடல்நீர் எடுத்துவந்து விளக்கேற்றுகிற அந்தக் காரியத்துக்குக் கூலி பேசி ஆள் சேர்க்க வேண்டியிருக்கிறதா? கால்நடையாக எத்தனை பேர் வருகிறார்கள்! அதே மனிதர்கள்தான் உம்முடைய வாய்க்காலுக்கு வராமல் இருந்தார்கள். "உம்முடைய" என்று தெரிந்துதான் எழுதினேன். அது எப்போது உம்முடையதாகவும் அவர்களுடையதல்லாததாகவும் ஆனது என்பதுதான் விஷயம்.

என் கணக்கில் அது 2010இல் தொடங்கியது. போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது கையில் தறப்பாளும் சட்டியும்தான். வேலைக்குப் பணம் என்ற திட்டம் வந்தது. சொந்தக் குளக்கட்டில் பற்றை வெட்டியதற்குக் கையெழுத்து வைத்து நாட்கூலி வாங்கினோம். நானும் வரிசையில் நின்றேன். அந்தக் காசு இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது. குறை சொல்ல வாயில்லை. ஆனால் திட்டம் முடிந்து பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சிய பிறகு, பற்றை வளர்ந்தால் "இந்த முறை எந்த நிறுவனம் வரும்?" என்று கேட்கப் பழகிவிட்டோம். அதோடு, நம் வன்னிச் சனம் போர்க்காலத்தில் கட்டளை கேட்டுக் களைத்த சனம். ஓடு என்றார்கள், ஓடினோம். நில் என்றார்கள், நின்றோம். இன்னொருவர் ஒலிபெருக்கியோடு வந்து "எழுந்திருங்கள்" என்றால் காது தானாக மூடிக்கொள்கிறது.

நான் செயலாளராக இருந்தபோது செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். வராதவர்களுக்கு 500 ரூபா தண்டம் என்று தீர்மானம் போட்டேன். முதல் போகம் கொஞ்சம் பலித்தது. அடுத்த போகம் வசதியுள்ளவர்கள் காலையிலேயே வந்து மேசையில் 500 ரூபாவை வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு சைக்கிளைத் திருப்பினார்கள். முன்பு வராமல் விட்டவருக்கு வெட்கம் இருந்தது. நான் அந்த வெட்கத்துக்கு விலை குறித்து விற்றுவிட்டேன். பிறகு தண்டத்தை நிறுத்திய பின்னும் அவர்கள் வரவில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வைப் பின்னாளில் வாசித்தேன். பிள்ளையைக் கூட்டிப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்குத் தண்டம் விதித்தார்கள், பிந்துவோர் கூடினார்கள், தண்டத்தை எடுத்தும் குறையவில்லை. வாசித்தபோது யாரோ எங்கள் கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்துவிட்டது போல இருந்தது.

இனி கிழக்கிலங்கையின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் கதை. அதன் இடதுகரை ஒரு காலத்தில் நாட்டிலேயே மிகச் சீர்கெட்ட நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒன்று என்று பெயரெடுத்த இடம். வாய்க்காலின் மேற்பக்கம் சிங்கள விவசாயிகள், கடைசிப் பக்கத்தில் தமிழ் விவசாயிகள். 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை அங்கே இறக்கின. அவர்கள் மேடை போடவில்லை. வீடு வீடாகப் போய் "உங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிறதா, வராவிட்டால் எங்கே தடைப்படுகிறது?" என்று கேட்டார்கள். அமைப்பின் விதிகளும் பதவியும் பிறகு. முதலில் வாய்க்கால் வேலை. வேலையில் யார் எப்படி என்று தெரிந்த பின்தான், வாக்கெடுப்பின்றி, எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒருவரைப் பிரதிநிதியாக வைத்தார்கள். அவருக்குச் சம்பளம் இல்லை. குளத்தில் தண்ணீர் குறைந்த அந்த வருடமே மேற்பக்கத்தார் தங்கள் முறையில் மிச்சம்பிடித்த நீரைக் கீழே விட்டார்கள், தமிழர் வயல்களுக்கும் சேர்த்து. இனக்கலவரங்களின் காலம் அது, தம்பி. 1997 சிறுபோகத்தில் 65,000 ஏக்கருக்கு நெல் போடத் தண்ணீர் போதாது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் சொன்னபோதும், அந்த அமைப்புகள் பங்கிட்டுப் பாய்ச்சி வழமையைவிட நல்ல விளைச்சல் எடுத்தன.

நாட்டை ஆள வந்தவர்கள் இந்தக் கதையை ஏன் பாடமாக வைக்கவில்லை என்று கேட்காதீர்; அதற்கு வேறு கடிதம் வேண்டும்.

நம் வாய்க்காலுக்கு வருகிறேன். வாய்க்காலின் கடைசியில் ஒரு ஏக்கர் வைத்திருக்கும் அந்த அக்காவை நீர் அறிவீர். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். வருடாவருடம் முதல் ஆளாக மண்வெட்டியோடு நின்றவர் அவர். இரண்டு போகமாக வரவில்லை. நான் கேட்டேன். "வெட்டுகிற நாளில் என் பெயர் இருக்கிறது, தண்ணீர் விடுகிற நாளில் இல்லையே அண்ணை" என்றார். வராத 51 பேரில் எத்தனை பேருடைய காணி வாய்க்காலின் கீழ்ப்பாதியில் இருக்கிறது என்று பெயர்ப்பட்டியலை எடுத்து எண்ணிப் பாரும். நான் எண்ணிவிட்டேன். தொகையை எழுத மாட்டேன். நீரே எண்ணினால்தான் உறைக்கும்.

கோபிக்காதீர், இன்னொன்று. உம்முடைய காணி துரிசுக்குக் கிட்ட இருக்கிறது. அது உம்முடைய குற்றமல்ல, உம் தாத்தா காடு வெட்டிய இடம் அது. ஆனால் போன சிறுபோகத்தில் உம் வயல் இரண்டு முறை நிரம்பி வழிந்ததை ஊர் பார்த்தது. அன்று நீர் தலைவரில்லை, இன்று தலைவர். இந்தப் போகம் கடைசிக் காணியிலிருந்து மேல்நோக்கித் தண்ணீர் முறை வைப்போம் என்று கூட்டத்தில் நீரே முன்மொழியும். உம் வயல் கடைசி. மேற்பக்கத்தார் முணுமுணுப்பார்கள், உம் சித்தப்பா முதல் ஆளாக. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அவர் பள்ளித் தோழன்.

கூட்டத்தையும் பின்னேரம் 3 மணிக்கு வைக்காதீர். பெண்கள் தலைமை தாங்கும் வீடுகளில் பலர் அந்த நேரம் கூலி வேலையில் நிற்கிறார்கள். பொழுதுபட்ட பிறகு, பொதுநோக்கு மண்டபத்தில் வேண்டாம், கீழ்ப்பக்கத்து மருதமரத்தடியில் வையும். தீர்மானத்தை முன்கூட்டியே தட்டச்சடித்துக்கொண்டு வராதீர், வெறுந்தாள் கொண்டுவாரும்.

அதற்கு முதல், வெள்ளிக்கிழமை காலை அந்த அக்காவின் வீட்டுக்குப் போவோம். துப்பரவுக்கு வரச்சொல்லிக் கேட்க அல்ல. தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர் காட்டட்டும், நாம் பார்ப்போம். ஆறு மணிக்கு நான் சந்தியில் நிற்பேன். என் மண்வெட்டிக்குப் பிடி உடைந்துவிட்டது. உம் வீட்டில் மிச்சப்பிடி இருந்தால் எடுத்துவாரும்.

அன்புடன்,
முன்னாள் செயலாளர்