டியூஷன் வேண்டாம், விளையாட விடச் சொல்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு வேலூரில் வேலை கிடைத்திருக்கிறது.

உன் பேரன் விஷயம்தான் மனதை உறுத்துகிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு டியூஷனா? எழுத மாட்டேன் என்கிறான், எந்நேரமும் விளையாட்டு என்று பள்ளியில் குறை சொன்னார்களாம். எழுதுகிற அளவுக்குக் கை இன்னும் தேறவில்லை, அவ்வளவுதான். மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. எட்டும் எலும்பாகத் தொடங்கவே பத்து, பன்னிரண்டு வயது ஆகிவிடும். களிமண் பிசையட்டும், புளியங்கொட்டையைப் பொறுக்கிப் பல்லாங்குழியில் போடட்டும். பென்சில் பிடிக்கிற பிடி அதில் தானாக வரும்.

நான் அங்கன்வாடியில் இருந்தபோது ஒரு பையன், இரண்டு நிமிஷம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். பஸ் விளையாட்டில் அவன்தான் கண்டக்டர். வேப்பிலையைக் கிழித்து டிக்கெட் கொடுப்பான். "ஸ்டாப்பிங் வரட்டும், அதுக்கு முன்னாடி யாரும் இறங்கக் கூடாது" என்பான். தானும் படியைவிட்டு அசைய மாட்டான், கடைசி ஸ்டாப்பிங் வரை! யாரும் அவனை மிரட்டவில்லை. கண்டக்டர் என்றால் இப்படித்தான் என்று அவனே தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டான். வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1930களிலேயே இதைத்தான் எடுத்துச் சொன்னார்.

அந்த வேப்பிலையையும் யோசித்துப் பார். இலை டிக்கெட்டாகிறது என்றால், ஒன்று இன்னொன்றைக் குறிக்கும் என்று அந்த மனதுக்குப் பிடிபட்டுவிட்டது. 'அ' என்ற கோடு ஓர் ஒலியைக் குறிக்கிறது என்பதும் அதே வேலைதானே? அது பிடிபடாமல் நாலுகோடு நோட்டில் எத்தனை பக்கம் எழுத வைத்து என்ன பயன்?

உன் மகன் சட்டம் படித்தவன். 1989-ல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவை எடுத்துப் பார்க்கச் சொல். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று இருக்கிறது. இந்தியாவும் 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது.

டியூஷன் நேரத்தில் அவனைத் தெருப் பிள்ளைகளோடு விடட்டும், நீ திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும். மற்றப் பிள்ளைகள் முந்திவிடுவார்களே என்று மருமகளுக்குப் பயம் இருக்கும், அவளைக் குறை சொல்லாதே. நானே போனில் பேசுகிறேன். அவளுக்கு எந்த நேரம் தோது என்று மட்டும் எழுது.

அன்புடன்,
சாந்தா