வளைபாதம்: கட்டு பிரித்த பிறகுதான் உதவி தேவை

ஆசிரியருக்கு,

பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் வளைபாதத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உதவ முன்வரும் அன்பர்கள் முதலில் கேட்பது, 'ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்?' என்பதைத்தான். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெரிய ஆபரேஷனே வேண்டியதில்லை. பணமும் ஆளும் தேவைப்படுவது, பாதம் நேரான பிறகு நான்கு வயது வரை மாட்ட வேண்டிய காலணிக்கு.

பொன்செட்டி முறையில் வாரம் ஒருமுறை பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி, தொடை வரை மாவுக்கட்டு போடுவோம். ஐந்து முதல் ஏழு கட்டுகளில் பாதம் திரும்பிவிடும். பிறகு பலருக்கு, மரத்துப்போக மருந்து கொடுத்துக் குதிகால் தசைநாரைச் சில நிமிடங்களில் வெட்டிவிட்டு, மூன்று வாரத்துக்குக் கடைசிக் கட்டு. முந்தின இரவே கட்டை ஊறவைத்துப் பிரித்துவிட்டு வராதீர்கள். திரும்பிய பாதம் அதற்குள் கொஞ்சம் பழையபடி போய்விடும். விரல்கள் கட்டுக்குள் மறைந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ அன்றே வர வேண்டும்.

அடுத்தது காலணி. இரண்டு பூட்ஸ், நடுவே தோள் அகலத்துக்கு ஒரு கம்பி. வளைந்த பாதம் 60 முதல் 70 பாகை வெளிநோக்கி இருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் பாதிப்பு என்றால் மற்றது 30 முதல் 40 பாகை. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு தூங்கும்போது மட்டும். எண்ணெய்க் குளியலை மிச்சமுள்ள அந்த ஒரு மணி நேரத்தில் முடித்து, பாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, பருத்திக் காலுறை போட்டு மாட்டுங்கள். நடு வாரை முதலில் இறுக்குங்கள். குதிகால் பூட்ஸின் அடியில் நன்றாகப் பதிந்திருக்க வேண்டும். கொப்புளம் வந்தால் பெரும்பாலும் வார் தளர்வாக இருந்து கால் உள்ளே உரசியிருக்கும். முதல் இரண்டு மூன்று இரவு குழந்தை அழும். பரிதாபப்பட்டுக் கழற்றினால், அழுதால் கழற்றுவார்கள் என்று கற்றுக்கொள்ளும்.

பாதம் மறுபடி வளைவதற்கு முதல் காரணம் காலணியை விட்டுவிடுவதுதான். அதற்குத் தாயைக் குறை சொல்வது அநியாயம். 'கால்தான் நேராகிவிட்டதே' என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். மருத்துவமனைக்கு வந்தால் அன்றைய கூலி போகிறது. விரல்கள் பூட்ஸ் விளிம்பைத் தாண்டி மடங்கும் நேரத்தில் அடுத்த அளவு கையிருப்பில் இருப்பதில்லை.

கியூர் இந்தியா போன்ற தொண்டு நிறுவனங்கள் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து காலணியை இலவசமாகத் தருகின்றன. உள்ளூர் அறக்கட்டளைகள் அதையே திரும்பச் செய்ய வேண்டாம். பஸ் செலவும் அன்றைய கூலியும் கொடுங்கள். வராத குடும்பத்துக்கு அந்த வாரமே போன் செய்ய ஓர் ஆளை வையுங்கள். கட்டு போடும் கிளினிக்கில் எந்த அளவு பூட்ஸ் தீர்ந்திருக்கிறது என்று கேட்டு, அதை மட்டும் வாங்கித் தாருங்கள்.

வளைபாதம் கிரகணத்தால் வருவதில்லை. பிறந்த ஓரிரு வாரத்திலேயே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கோ, அரசு மருத்துவமனை முடநீக்கியல் (எலும்பு மருத்துவ) துறைக்கோ குழந்தையைத் தூக்கிச் செல்லலாம்.

இப்படிக்கு,
வளைபாதச் சிகிச்சைப் பணியாளர்கள்,
திருநெல்வேலி