இடவலம் மாறிய வெட்டு

பினாங்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "பால் வாளியை உருட்டிட்டு ஓடினவன், தாத்தாவா ஆயிட்டான்!" என்று ஒரே சிரிப்பு. காதுதான் மந்தம், கண் இன்னும் கழுகுக் கண். அந்தக் கண்ணால் நான் பட்ட பாட்டைக் கேள்.

நம் பழைய ரப்பர் தோட்டத்தைச் செப்புத் தகட்டில் வரைந்து வண்ண அச்சாக எடுக்கிறேன் என்று போன தடவை சொன்னேனே, அந்த வேலைதான். தகட்டின் மேல் மெழுகு பூசி, அதை ஊசியால் கீறி, ஃபெரிக் குளோரைடு தொட்டியில் போட வேண்டும். கீறின இடத்தை மட்டும் அது அரிக்கும். என் கை மெழுகோடு நின்றுவிடும்; ஆழம் போவது தொட்டியின் வேலை. ரப்பர் மரத்தில் பால் வெட்டின அம்மாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. பட்டையில் ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு வெட்ட வேண்டும். கத்தி மரத்தைத் தொட்டால் காயம், அப்புறம் அங்கே முடிச்சு முடிச்சாகத்தான் பட்டை வளரும்.

நான் எடுத்துக்கொண்டது பிப்ரவரி மாதம். கெடா பக்கம் ரப்பர் மரம் இலை கொட்டும் காலம், ஞாபகம் இருக்கா? மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நாம் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையின் வாசல் வரை சருகு. அப்புறம் செம்புக் கம்பி நிறத்தில் தளிர். இப்போது அங்கே நிற்கிற, எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு அப்படி ஒரு மாதமே இல்லை.

பாரிஸில் ஹெய்ட்டர் என்ற அச்சுக் கலைஞர் நடத்திய 'அட்டலியே 17' பட்டறையில் நம் ஊர்க்காரர், ஆந்திராவில் பிறந்த கிருஷ்ணா ரெட்டி, ஒரே தகட்டில் பல வண்ணம் எடுக்கும் முறையை வளர்த்தார். மையில் ஆளி விதை எண்ணெயைக் கூட்டிக் குறைத்தால், ஒரு மை இன்னொன்றோடு ஒட்டாமல் விலகி நிற்கும். நானும் செய்து பார்த்தேன். சேறுதான் மிச்சம். அதனால் இரண்டு தகடு. முதல் தகட்டில் மஞ்சளும் சிவப்பும், துணிப்பொட்டலத்தால் இடம் பார்த்து ஒற்றியது. இரண்டாவதில் கருநீலம்: மரம், பட்டையில் வெட்டு, பால் வடிகிற மங்குக் கிண்ணம்.

தொல்லை தாளில்தான். நனைத்த தாள் நீளும், காய்ந்தால் சுருங்கும். இரண்டு வண்ணமும் விலகிவிடும். அதனால் முதல் தகடு ஓடினதும் தாளின் ஓரத்தை உருளைக்கு அடியிலேயே பிடித்து வைத்து, தகட்டை மட்டும் எடுத்துவிட்டு, குறி போட்ட இடத்தில் அடுத்ததை வைக்க வேண்டும். மின்விசிறி போடக் கூடாது. வேர்வை சொட்டாமலிருக்கத் தலையில் துண்டு. வீட்டுக்காரி என்னைக் கங்காணி என்கிறாள்.

அச்சு அழகாக விழுந்தது. அம்மாவிடம் நீட்டினேன். சருகையும் பார்க்கவில்லை, தளிரையும் பார்க்கவில்லை. மரத்தில் விரலை வைத்து, "எவன்டா இப்படி வெட்டினது? இடது கை ஆளா?" என்றார்.

தகட்டில் வரைந்தது தாளில் இடவலம் மாறி விழும். முப்பது வருடமாகச் செய்கிற எனக்கு அது தெரியாதா? லயத்தை மாற்றி வரைந்தேன், சாலையை மாற்றி வரைந்தேன், வெட்டை மறந்துவிட்டேன். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குவதுதான் வெட்டு. பட்டைக்குள் பால் குழாய்கள் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்ந்து மேலே ஏறுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். என் படத்தில் இருபத்திரண்டு மரமும் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. "மங்கு நிறையாது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கருநீலத் தகட்டைப் புதிதாக வரைகிறேன். இந்தத் தடவை பக்கத்தில் கண்ணாடி வைத்து, அதில் பார்த்துப் பார்த்து.

உங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய மங்கு ஒன்று கிடந்ததே, தங்கச்சி பூச்செடி வைத்திருந்தாள். உடையாமல் இருந்தால் எடுத்து வா. பட்டர்வொர்த் வரை ரயில், அப்புறம் ஃபெரி. துறைமுகத்தில் நான் நிற்பேன். விளிம்பு எவ்வளவு தடிமன் என்று மறந்துபோச்சு, அம்மாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

உன்
மச்சான்